ஜுபோவைப் பற்றி அந்த ஒரு வரி போதாது

ஐஸ் ஹாக்கி வீரர் செர்கேய் ஜுபோவை ‘கோல் அடிக்க முன்னே ஓடும் தடுப்பாட்டக்காரர்’ என்று உங்கள் கட்டுரை ஒரே வரியில் முடித்தது நியாயமில்லை. 1993-94இல் நியூயார்க் ரேஞ்சர்ஸ் அணிக்காக அவர் எடுத்த 89 புள்ளிகளில் கோல்கள் 12தான். மீதி 77ம் பிறர் கோலடிக்கக் கொடுத்த பாஸ்கள். அணியின் நட்சத்திரங்களான மெஸ்ஸியர், லீச் இருவரையும் தாண்டி அணியில் முதலிடம், அதே பருவத்தில் என்எச்எல் லீக்கின் சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பையும்!

எதிரணியில் ஒருவர் 2 நிமிடத் தண்டனையில் வெளியே உட்காரும்போது, எதிரணியின் பகுதி தொடங்கும் நீலக்கோட்டருகே நின்று ஆட்டத்தை நடத்தியவர் இவர்தான். அங்கே பக் (பந்துக்குப் பதிலான ரப்பர் வட்டு) அந்தக் கோட்டைத் தாண்டி வெளியே நழுவினால் தாக்குபவர்கள் அத்தனை பேரும் வெளியே வந்து மறுபடி நுழைய வேண்டும், நேரம் வீண். ஆகவே அவசரப்பட்டு அடிக்கமாட்டார். தடுக்க வருபவர் நெருங்கும்வரை பக்கைப் பிடித்துவைத்து, அவர் விட்டுவந்த இடத்துக்குத் தள்ளிவிடுவார். பிறகு டல்லாஸ் அணியில் 1999இல் இன்னொரு கோப்பை. இப்படிப்பட்டவருக்குச் சிறந்த வீரர்களைக் கௌரவிக்கும் ஹாக்கி ஹால் ஆஃப் ஃபேமில் இடம் 2019இல்தான் கிடைத்தது, ரொம்பவே தாமதம்.