கடைப் பெயரை மறைக்கிற லிங்க் எதற்கு?

தமிழில் பொருள் விமர்சனம் எழுதுகிறவர்கள், யூடியூபில் மிக்ஸியும் ஏர் ஃப்ரையரும் காட்டுகிறவர்கள், டெலிகிராமில் டீல்ஸ் குரூப் நடத்துகிறவர்கள் எல்லோரிடமும் ஒன்று கேட்க வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். நீங்கள் கொடுக்கும் லிங்க் எந்தக் கடைக்குப் போகிறது என்பதை ஏன் மறைக்கிறீர்கள்?

கமிஷன் வாங்குவதை நான் குறை சொல்லவில்லை. சமையலறைச் சாமான்கள் பற்றி நானும் ஒரு சின்ன தளத்தில் எழுதுகிறேன், அதில் எனக்கும் அஃபிலியேட் வருமானம் (என் லிங்க் வழியாக யாராவது வாங்கினால் கடை தரும் கமிஷன்) உண்டு. ஒரு குக்கரை வாங்கி, சில மாதம் பயன்படுத்திப் பார்த்து, கேஸ்கட் எப்போது தளர்கிறது என்றுகூட எழுதுகிறவருக்கு அந்த உழைப்புக்கான கூலி வேண்டும். அதைக் கடை கொடுக்கிறது, வாங்குகிறவர் கூடுதலாக ஒரு ரூபாயும் கொடுப்பதில்லை. இதில் ஒளிக்க என்ன இருக்கிறது?

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அமேசான் இந்தியாவின் அஃபிலியேட் லிங்கைப் பார்த்தால், அந்த நீளமான முகவரிக்குள் 'டேக்' என்று ஒரு துண்டு இருக்கும், -21 என்று முடியும். யார் அனுப்பிய ஆள் என்று கடைக்குத் தெரிவது அதை வைத்துத்தான். முகவரி நீளமாகவும் அசிங்கமாகவும் இருப்பதால், பலர் தங்கள் தளத்தின் பெயருக்குப் பின்னால் பொருளின் பெயரைச் சேர்த்து ஒரு குட்டி முகவரி செய்துகொள்கிறார்கள். அதை அழுத்தினால் சர்வர் கடைக்குத் திருப்பிவிடும். வேர்ட்பிரஸ்ஸில் பிரெட்டி லிங்க்ஸ், தர்ஸ்டிஅஃபிலியேட்ஸ் மாதிரியான பிளக்-இன்கள் (தளத்தோடு சேர்த்துக்கொள்ளும் சின்ன மென்பொருள்கள்) இதைச் சில நிமிடத்தில் செய்து கொடுக்கும்.

இதற்கு ஒரு நியாயமான காரணம் இருக்கிறது, அதை நானும் ஒத்துக்கொள்கிறேன். ஒரே குக்கரைப் பற்றி நிறையப் பதிவுகளில் எழுதியிருப்போம். அந்த மாடல் நின்றுபோனால் ஒவ்வொரு பதிவாகத் திறந்து மாற்ற முடியாது. குட்டி முகவரி இருந்தால் ஓர் இடத்தில் மாற்றினால் போதும். (இப்படிச் செய்கிறவர்கள், சர்வர் திருப்பிவிடும்போது சொல்லும் எண்ணாக 301 போடாமல், தற்காலிக மாற்றத்தைக் குறிக்கும் 302 அல்லது 307 போடுங்கள். 301 என்றால் நிரந்தர மாற்றம் என்று பிரௌசர் நினைவில் வைத்துக்கொள்ளும், நீங்கள் பிறகு மாற்றினாலும் பழைய வாசகர் பழைய இடத்துக்கே போய் நிற்பார்.) பணம் வரும் லிங்க் இது என்று தேடுபொறிக்குச் சொல்ல, கூகுள் 2019 செப்டம்பரில் கொண்டுவந்த 'ஸ்பான்சர்ட்' குறியீட்டையும் லிங்கில் சேர்த்துவிட்டால் தேடுபொறி பக்கமும் சிக்கல் இல்லை. இது பராமரிப்பு வேலை. கடையின் பெயரைப் பக்கத்தில் எழுதி, கமிஷன் உண்டு என்றும் சொல்லிவிட்டுச் செய்தால் யாரையும் ஏமாற்றவில்லை. அப்போதும் ஒவ்வொரு கடையின் விதியையும் படிக்க வேண்டும். லிங்க் அமேசானுக்குத்தான் போகிறது என்பது தெரியாமல் சுருக்கக் கூடாது என்று அமேசான் தன் அஃபிலியேட் விதியில் சொல்கிறது. அதனால்தான் அமேசான் லிங்கை மட்டும் மறைக்காமல் விடும் வசதி தர்ஸ்டிஅஃபிலியேட்ஸிலேயே இருக்கிறது.

மறைப்பதற்கு வழக்கமாகச் சொல்லும் அடுத்த காரணம் கமிஷன் திருட்டு. யாராவது என் டேக்கை எடுத்துவிட்டுத் தன் டேக்கைப் போட்டுவிடுவார்களாம். ஆனால் இன்று பெரிய அளவில் புகார் எழுவது வேறு இடத்தில். 2024 டிசம்பரில் மெகாலேக் என்ற யூடியூபர் ஹனி பற்றிப் போட்ட வீடியோ நினைவிருக்கலாம். பேபால் சுமார் 400 கோடி டாலருக்கு வாங்கிய, பிரௌசரில் சேர்த்துக்கொள்ளும் கூப்பன் நீட்சிதான் ஹனி. பணம் கட்டும் பக்கத்தில் கூப்பன் தேடுகிற சாக்கில், அதுவரை இருந்த அஃபிலியேட் குக்கீயின் (யார் அனுப்பிய ஆள் என்று பிரௌசரில் பதிந்திருக்கும் சின்னக் குறிப்பு) இடத்தில் தன்னுடையதைப் போட்டுக்கொள்கிறது என்பது குற்றச்சாட்டு. பல யூடியூபர்கள் வழக்கும் போட்டார்கள். கடைசியாகக் கைவைத்தவருக்கே கமிஷன் என்ற கணக்கு இருக்கிற வரை, வாசகர் கடைக்குள் போன பிறகு நடப்பதை உங்கள் பக்கத்து முகமூடி எப்படித் தடுக்கும்?

மறைப்பதையே தொழிலாக்கினால் எங்கே போய் நிற்கும் என்பதற்கு ஈபே வழக்கு இருக்கிறது. யாரும் லிங்கை அழுத்தாமலேயே, பார்வையாளரின் கணினியில் ஈபேயின் குக்கீயைத் திணித்துவைத்த ஷான் ஹோகனின் நிறுவனத்துக்கு ஈபே சுமார் 2.8 கோடி டாலர் கமிஷன் கொடுத்திருந்தது. 2014-ல் அமெரிக்க நீதிமன்றம் அவருக்கு 5 மாதச் சிறைத்தண்டனை கொடுத்தது. விளம்பரத்தைச் சரிபார்க்கும் கண்ணுக்கு ஒரு பக்கமும் வாசகருக்கு வேறு பக்கமும் காட்டும் லீட்க்ளோக் என்ற மென்பொருளை நடத்தியவர் மீது ஃபேஸ்புக் 2020 ஏப்ரலில் வழக்குப் போட்டது. கொரோனா, கிரிப்டோ, டயட் மாத்திரை என்று பயத்தையும் ஆசையையும் விற்கும் மோசடி விளம்பரங்களுக்கு அது துணைபோனது என்பது புகார்.

குட்டி முகவரி வைத்திருக்கிற எல்லோரும் அந்த ரகம் என்று நான் சொல்லவில்லை. என் கவலை வீட்டுக்குள் இருக்கிறது. தீபாவளி, பொங்கல் நெருங்கினால் வாட்ஸப்பில் '90% தள்ளுபடி' லிங்குகள் வரிசையாக வருகின்றன, போலிக் கடைகள் அச்சு அசலாக இருக்கின்றன. நம் அம்மாவுக்கும் அத்தைக்கும் நாம் சொல்லிக்கொடுக்கும் பாதுகாப்பு என்ன? "அழுத்துவதற்கு முன்னால் முகவரியைப் பாருங்கம்மா" என்பதுதான். அவர்கள் பார்க்கிறார்கள். நம்பிக்கையான யூடியூபர் கொடுத்த லிங்கிலும் புரியாத நாலு எழுத்து, மோசடிக்காரன் அனுப்பியதிலும் புரியாத நாலு எழுத்து. போனில் அழுத்திப் பிடித்தாலும் முதல் முகவரிதான் தெரியும், அதற்குப் பின்னால் எத்தனை திருப்பங்கள் என்று தெரியாது. நேர்மையாகச் சம்பாதிக்கிறவர்களே எழுத்துக் குப்பையை அழுத்தப் பழக்கிவிட்டால், அந்த அம்மா எதை வைத்துப் பிரித்துப் பார்ப்பார்? இதை நினைத்தால் எனக்கு உண்மையாகவே கோபம் வருகிறது.

விளம்பரத் தடுப்பான் போட்டிருப்பவரைத் தாண்டிப்போக, அஃபிலியேட் நெட்வொர்க்கின் (கடைக்கும் எழுதுகிறவருக்கும் நடுவில் நிற்கும் நிறுவனத்தின்) முகவரியை ஒளித்துத் தன் டொமைன் வழியாகக் கொண்டுபோகும் வழியையும் சிலர் சொல்லித்தருகிறார்கள். வேண்டாம் என்று ஒருவர் கதவைச் சாத்திய பிறகு பின்பக்கமாக நுழைவது எனக்குச் சரியாகப் படவில்லை.

சட்டமும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது. பரிந்துரைக்குப் பின்னால் பண உறவு இருந்தால், தவறவிடவே முடியாதபடி அதைச் சொல்ல வேண்டும், ஹேஷ்டேக், லிங்க் கூட்டத்துக்குள் கலந்துவிடக் கூடாது என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் வழிகாட்டி வெளியிட்டது. 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறான விளம்பரத்துக்கு முதல் முறை 10 லட்சம் வரையும், அப்புறம் 50 லட்சம் வரையும் அபராதம் போடலாம். டிஸ்கிரிப்ஷனின் அடியில் ஆங்கிலத்தில் ஒரு வரி போட்டுவிட்டு, வீடியோ முழுக்கத் தமிழில் பேசுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

இப்படியெல்லாம் சொன்னால் கிளிக் குறையும் என்பார்கள். குறையட்டும். எனக்குக் கமிஷன் வரும் என்று தெரிந்த பிறகு ஒருவர் அழுத்த வேண்டாம் என்று முடிவுசெய்தால், அது அவர் உரிமை. என் தளத்தில் ஒவ்வொரு லிங்குக்கும் மேலே கடையின் பெயர் இருக்கும், "இதன் வழியாக வாங்கினால் எனக்குக் கமிஷன் கிடைக்கும், உங்கள் விலை மாறாது" என்று தமிழில் ஒரு வரி இருக்கும். டீல்ஸ் குரூப் நடத்தும் நண்பர்கள் இன்றைக்கே இதைப் பின் செய்து வைக்கலாம். ஒவ்வொரு டீலிலும் கடையின் பெயரை முதலில் எழுதிவிட்டு லிங்கைப் போடுங்கள்.