நுளம்புக்கும் சாதகம் பார்க்கத்தான் வேண்டும்

"நுளம்பின்ட சாதகத்தைப் பார்த்து என்ன செய்யப்போறாங்கள் மச்சான்? புகை அடிச்சாப் போதாதா?"

உப்புவெளித் தேநீர்க் கடையில் நண்பன் கேட்டான். நுளம்பின் மரபணுவை ஆராய்கிறார்கள் என்று நான் சொன்னதுதான் குற்றம். அங்கே சிரித்துவிட்டு வந்தேன். பதிலை இங்கே எழுதுகிறேன், கொஞ்சம் நீளம்.

இலங்கைக்கு 2016 செப்டெம்பரில் மலேரியா அற்ற நாடு என்ற சான்றிதழ் கிடைத்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் மன்னாரில் அனோபிலிஸ் ஸ்டீபன்சி என்ற வேறொரு மலேரியா நுளம்பு பிடிபட்டது. நம் பழைய மலேரியா நுளம்பு ஆற்றங்கரைக் குட்டைகளைத் தேடிப் போகும். இந்தப் புது விருந்தாளிக்குக் கிணறும் சீமெந்துத் தொட்டியும் போதும். ஜிபூத்தி என்ற துறைமுக நாட்டில் இது 2012இல் தென்பட்டது. அந்த ஆண்டு அங்கே பதிவான மலேரியா நோயாளர் வெறும் 27 பேர். 2020இல் 73,000ஐத் தாண்டிவிட்டது. எல்லாப் பழியையும் நுளம்பின் தலையில் போடமாட்டேன், ஆனாலும் வயிற்றைக் கலக்குகிறது.

சரி, சாதகத்துக்கு வருவோம். உயிரணுவுக்குச் சக்தி தரும் மைட்டோகொண்ட்ரியா என்ற உறுப்பின் டி.என்.ஏ தாய் வழியாக மட்டுமே இறங்கும். நாலைந்து பெண் நுளம்புகள் ஒரே தடவை வந்து இறங்கியிருந்தால், பிறகு கோடியாகப் பெருகினாலும் தாய்வழிகள் நாலைந்துக்கு மேல் போகாது. பல வழிகள் கலந்து கிடந்தால், திரும்பத் திரும்ப வந்திருக்கலாம். அதாவது வாசல் இன்னும் திறந்திருக்கிறது. எந்த நாட்டு நுளம்போடு ஒத்துப்போகிறது என்று பார்த்தால் வந்த பாதையும் ஓரளவு பிடிபடும். இவ்வளவு பெரிய துறைமுகத்தை வாசலில் வைத்திருக்கிற திருகோணமலைக்காரருக்கு இது ஊர்க் கதைதானே?

புகைக்கும் இதில் பதில் இருக்கிறது. நரம்பைத் தாக்கும் பைரித்ரொயிட் மருந்துக்கு மசியாத மரபணு மாற்றம் சில நுளம்புகளிடம் உண்டு. அதே மருந்தையே அடித்துக்கொண்டிருந்தால் மற்றவை செத்து, மசியாதவற்றின் வாரிசுகளே மிஞ்சும். 2017இல் கிண்ணியா டெங்கில் பட்ட பாட்டைப் பார்த்த பிறகும் புகை வண்டி வந்தால் நிம்மதி என்று இருக்கிறோம். எனக்கு அது பாதி கண்துடைப்பு.

அன்று மாலை டோர்ச் அடித்து என் வீட்டுத் தொட்டியைப் பார்த்தேன். அனோபிலிஸ் குடம்பி நீர்ப்பரப்போடு ஒட்டிப் படுத்துக் கிடக்கும். என் தொட்டியில் இருந்தவை தலைகீழாகத் தொங்கின. மலேரியா நுளம்பு இல்லை என்று நிம்மதிப்பட்டேன், அரை நிமிடம். அப்புறம் டெங்கு ஞாபகம் வந்து தொட்டியைக் கவிழ்த்தேன். நண்பனின் கிணற்றுக்கு இன்னும் வலை இல்லை.