இருபது ஆட்டம் போதுமா?

முதல் இருபது ஆட்டத்திலேயே ஒரு பேஸ்பால் மேனேஜரின் (அணியின் தலைமைப் பயிற்சியாளரின்) லட்சணம் தெரிந்துவிடும் என்று இந்தக் கட்டுரையில் எழுதியிருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை, மொத்தம் 162 ஆட்டம் உள்ள சீசனில் அது எட்டில் ஒரு பங்குகூட இல்லை. 2019-ல் வாஷிங்டன் நேஷனல்ஸ் அணிக்கு முதல் 50 ஆட்டத்தில் 19 வெற்றி, 31 தோல்வி, மேனேஜர் டேவ் மார்ட்டினெஸை வேலையை விட்டுத் தூக்குங்கள் என்று ஒரே கூச்சல். அணியின் முக்கிய ஆட்டக்காரர் ட்ரே டர்னர் ஏப்ரல் தொடக்கத்திலேயே விரல் உடைந்து உட்கார்ந்துவிட்டார், ஆட்டத்தின் நடுவில் மாற்றாக வந்து பந்து வீசும் புல்பென் பிட்சர்களோ கையில் இருந்த முன்னிலையை எல்லாம் கோட்டைவிட்டார்கள், இதில் மேனேஜர் என்னதான் செய்வார்? அதே மார்ட்டினெஸ்தான் அந்த ஆண்டு சாம்பியனைத் தீர்மானிக்கும் இறுதித் தொடரான வேர்ல்ட் சீரிஸை ஜெயித்தார். மேலே கருத்து எழுதிய ஒருவர் மேனேஜரை மாற்றியதற்கு உதாரணமாக 2022 ஃபிலடெல்ஃபியா அணியைச் சொல்லியிருக்கிறார், மேனேஜர் ஜோ ஜிரார்டியை அனுப்பிவிட்டு ராப் தாம்சன் வந்ததும் அணி வேர்ல்ட் சீரிஸ் வரை போனது உண்மைதான், ஆனால் ஜிரார்டிக்கு அது மூன்றாவது சீசன், அதிலும் 51 ஆட்டம் பார்த்துவிட்டுத்தான் அனுப்பினார்கள். ஆரம்பத்தில் பார்க்க வேண்டியது வெற்றி தோல்விக் கணக்கை அல்ல, எடுக்கும் முடிவுகளை. 2018-ல் அதே ஃபிலடெல்ஃபியாவின் மேனேஜராக இருந்த கேப் கேப்லர் முதல் ஆட்டத்திலேயே 5-0 முன்னிலையில் 68 பந்து மட்டுமே வீசியிருந்த பிட்சர் ஆரன் நோலாவை வெளியே எடுத்தார், 8-5 என்று தோற்றார்கள், இரண்டு நாள் கழித்து வார்ம்-அப்பே செய்யாத பிட்சரைக் கூப்பிட்டார். அதற்குத் திட்டியது நியாயம். அப்படியும் ஆகஸ்ட் தொடக்கத்தில் லீக்கில் தங்கள் பிரிவான டிவிஷனில் முதலிடத்தில் இருந்தார்கள், சீசனை முடித்ததோ 80 வெற்றி, 82 தோல்வியோடு.