வசன எண்களை இட்டது யார்?

பைபிளின் பிற்பகுதியான புதிய ஏற்பாட்டின் வசன எண்களை மூல ஆசிரியர்களே இட்டார்கள், ஆகவே ஒவ்வொரு வசனமும் கவிதையின் அடிபோலத் தனியாகவே முழுப்பொருள் தரும் என்று மேலே ஒரு கருத்து வந்திருக்கிறது. பலரும் அதைப் பகிர்ந்துவிட்டதால் ஒரு சிறு திருத்தம்.

அந்த எண்கள் பிற்காலத்தவை. இன்று வழங்கும் எண்களை ராபர்ட் எஸ்தியென் என்ற அச்சகர் 1551-இல் வெளியிட்ட கிரேக்கப் பதிப்பில்தான் சேர்த்தார். கவிதையில் அடி எங்கே முடியும் என்பதைக் கவிஞரே யாப்பை வைத்துத் தீர்மானிக்கிறார். இங்கே வெட்டியது வேறு கை. இடம் தேட மிக வசதியான ஏற்பாடு, மறுக்கவில்லை. ஆனால் எண் முடியும் இடத்தில் பொருளும் முடிய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

நீங்களே பார்க்கலாம். 4-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்க பைபிள் கையெழுத்துப் பிரதியான சினாய்ச் சுவடியின் படங்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அதில் இந்த எண்கள் கிடையாது. அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்றால், புதிய ஏற்பாட்டில் பவுல் எழுதிய கடிதங்களில் ஒன்றான 1 கொரிந்தியரின் 11:1-ஐ (11-ஆம் அதிகாரம், 1-ஆம் வசனம்) முதலில் தனியாகப் படியுங்கள். பிறகு 10-ஆம் அதிகாரத்தின் கடைசி மூன்று வசனங்களோடு சேர்த்துப் படியுங்கள். பவுல் தன்னைப் பின்பற்றச் சொல்வது எதில் என்பது அப்போதுதான் தெரியும். எபேசியர் 1:3 முதல் 14 வரையும் கிரேக்கத்தில் ஒரே நீண்ட வாக்கியம்தான், எண்களோ பன்னிரண்டு!