தெரியாமல் கொடுத்த மருந்து

நேற்று திண்டுக்கல் பஸ் நிலையத்துச் சுவரில் அந்த நோட்டீஸை மறுபடியும் பார்த்தேன். "குடிப்பவருக்குத் தெரியாமலே குடியை நிறுத்தலாம்." கீழே ஒரு கைப்பேசி எண். பசை இன்னும் காயவில்லை. அப்படியே பிய்த்துக் கசக்கி எறிந்தேன். பக்கத்தில் நின்ற ஓர் அம்மா, "ஏம்மா கிழித்தாய்?" என்று கேட்டார். அவர் கையில் பேனா இருந்தது. எண்ணை எழுதிக்கொள்ள நின்றிருக்கிறார். அதற்குள் பஸ் வந்துவிட்டது. அவரிடம் சொல்ல முடியாமல் போனதைத்தான் இங்கே எழுதுகிறேன். என் தம்பியிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

தம்பி இரு சக்கர வாகன மெக்கானிக். எஞ்சின் சத்தத்தை வைத்தே கோளாறு இன்னதென்று சொல்லிவிடுவான். முப்பது வயதுக்குள் காலையில் குடித்தால்தான் கை நிற்கும் என்ற நிலைக்கு வந்துவிட்டான். கோயிலில் கயிறு கட்டினோம், சத்தியம் வாங்கினோம், குலதெய்வத்துக்கு முடிந்து வைத்தோம். எட்டு வருடங்களுக்கு முன்பு அம்மா இதே போன்ற ஒரு நோட்டீஸைப் பார்த்து, சீட்டுப் பணத்தில் மூவாயிரம் ரூபாய் அனுப்பி, ஒரு மண்டலத்துக்கான பொடியை வரவழைத்தார். ரசத்தில் கலந்து கொடுத்தார். எனக்கும் தெரியும். நானும் பேசாமல்தான் இருந்தேன்.

மூன்றாம் நாள் மாலை குடித்துவிட்டு வந்தவனின் முகமும் கழுத்தும் செக்கச் சிவந்திருந்தன. மூச்சு வாங்கியது. வாந்தி எடுத்தபடியே திண்ணையில் சாய்ந்தான். ஆட்டோவில் போட்டுக்கொண்டு ஓடினோம். பணியிலிருந்த மருத்துவர் நாடியைப் பிடித்தபடியே, "என்ன கொடுத்தீர்கள்?" என்று கேட்டார். அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு வெள்ளிப் பொட்டலத்தை நீட்டினார். அதில் ஓர் எழுத்துகூட இல்லை.

டைசல்ஃபிராம் மாத்திரையைப் பொடித்திருக்கக்கூடும் என்று அவர் சந்தேகப்பட்டார். 1940களின் கடைசியில் டென்மார்க்கில் குடிநோய்க்கான மருந்தாகக் கண்டறியப்பட்டது அது. உடலுக்குள் போன மது முதலில் அசிட்டால்டிஹைடு என்ற நச்சாகும். பிறகு அது உடைந்து வெளியேறும். அப்படி உடைவதை இந்த மாத்திரை தடுத்துவிடுகிறது. நச்சு தேங்கி, இதயம் படபடத்து, ரத்த அழுத்தம் சரியும். உயிரே போகலாம். மாத்திரையை நிறுத்தி இரண்டு வாரம் வரைகூட அதன் வேலை உடம்பில் இருக்கும். அதனால்தான் நோயாளிக்குத் தெரியாமல் இதை ஒருபோதும் கொடுக்கக் கூடாது என்பது மருத்துவத்தில் கண்டிப்பான விதி.

தம்பி பிழைத்துவிட்டான். ஆனால் அதன் பிறகு இரண்டு வருடம் எங்கள் வீட்டில் அவன் ஒரு வாய்ச் சோறு உண்ணவில்லை. கடை இட்லி, கடைத் தண்ணீர். அம்மா தட்டைப் போட்டு வைத்துவிட்டு இரவெல்லாம் காத்திருப்பார். குடியும் முன்னைவிடக் கூடியது. பெற்ற தாயின் கைச்சோற்றையே நம்ப முடியாதவன் வேறு யாரை நம்பி, "எனக்கு முடியவில்லை, காப்பாற்று" என்று கேட்பான்? அந்தப் பொடி செய்த பெரிய கேடு இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

ஒரு நாள் கடையில் திருகாணியைத் திருப்ப முடியாமல் அவன் கை ஆடியிருக்கிறது. வண்டி விட வந்த கல்லூரிப் பையன் ஒன்றும் சொல்லாமல் ஸ்க்ரூடிரைவரை வாங்கி, தானே திருகிக் கொடுத்திருக்கிறான். அன்று இரவு தம்பி எனக்குப் போன் செய்தான். "அக்கா, என்னை எங்கேயாவது கூட்டிக்கொண்டு போ."

"மனது வைத்தால் விட்டுவிடலாம்" என்று சொல்லும் உறவினர்களுக்கு ஒன்று சொல்கிறேன். வருடக்கணக்காகத் தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். மூன்றாம் நாள் வாக்கில் சித்தம் கலங்கலாம். நாங்கள் சேர்த்த மருத்துவமனை வார்டில் இரண்டாம் இரவு தம்பி, போர்வையில் எறும்பு ஊர்கிறது என்று விடிய விடியத் தட்டிக்கொண்டிருந்தான். மருந்தும் வைட்டமின் பி1 ஊசியும் போட்டு, பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொண்டார்கள். வீட்டு அறையில் பூட்டி வைத்துச் செய்கிற காரியமில்லை இது.

பக்கத்துக் கட்டிலில் பத்தொன்பது வயதுப் பையன். வலி மாத்திரைக்கு அடிமையாகி வந்தவன். அவனைப் பார்க்க யாரும் வரவில்லை. விடுதியில் தங்கிப் படிக்கிறான் என்று ஊரில் சொல்லி வைத்திருந்தார்களாம். அம்மா அவனுக்கும் சேர்த்தே சாதம் கட்டிக்கொண்டு போனார்.

வீடு திரும்பும் முன் மருத்துவர் ஒரு மாத்திரையின் பெயரைச் சொன்னார். அதே டைசல்ஃபிராம். அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. ஆனால் இம்முறை மருத்துவர் தம்பியை எதிரில் உட்காரவைத்து, குடித்தால் என்ன ஆகும் என்று அரை மணி நேரம் விளக்கினார். பரிசோதனைகள் செய்தார், சம்மதக் கையெழுத்து வாங்கினார். தினமும் காலையில் அம்மா கொடுக்க, அவன் வாங்கி விழுங்க வேண்டும். அதே மருந்துதான். ஆனால் அவன் தெரிந்து நீட்டிய கையில் கொடுத்தபோதுதான் அது சிகிச்சையானது.

பிறகு, குடியை விட விரும்புகிறவர்கள் கூடிப் பேசும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டத்துக்குப் போகத் தொடங்கினான். 1935இல் அமெரிக்காவில் பில், பாப் என்ற இரண்டு குடிநோயாளிகள் ஒருவருக்கொருவர் பேசித் தொடங்கியது. கட்டணம் கிடையாது. கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் டி.டி. ரங்கநாதன் கிளினிக்கல் ரிசர்ச் ஃபவுண்டேஷனைத் தொடங்கினார். குடும்பத்துக்கும் தேறுதல் வேண்டும் என்பது அங்கே சிகிச்சையின் ஒரு பகுதி. அது எவ்வளவு சரி என்பது எங்கள் அம்மாவைப் பார்த்தபோதுதான் எனக்கு விளங்கியது. குடும்பத்தாருக்கான கூட்டத்தில் நான்கு வாரம் வாயே திறக்காதவர், ஐந்தாம் வாரம் பொடியைப் பற்றிச் சொன்னார். அங்கிருந்த பெண்களில் மூன்று பேர், "நானும் கலந்தேன்" என்றார்கள்.

மாத்திரையை மருத்துவர் நிறுத்திய பிறகு, குடியை விட்ட பதினான்காவது மாதம், மாமா வீட்டுக் கருமாதியில் தம்பி குடித்துவிட்டான். ஊர், "அவ்வளவுதான்" என்றது. அவனோ அன்று இரவே தன் ஸ்பான்சரை, அதாவது கூட்டத்தில் அவனுக்குத் துணையாக இருக்கும் மூத்தவரைக் கூப்பிட்டான். அந்த மனிதர் மழையில் மொபெட்டில் வந்து விடியும் வரை திண்ணையில் உட்கார்ந்திருந்தார். காலையில் தம்பியே அம்மாவிடம் போய்ச் சொன்னான். மறைக்கவில்லை. வரும் ஆவணியோடு அதற்கு ஐந்து வருடம் ஆகிறது.

பேனாவோடு நின்ற அம்மாவே, எழுதிக்கொள்ள வேண்டிய எண் 14446. போதை மீட்புக்கான தேசிய உதவி எண், கட்டணமில்லை. உங்கள் வீட்டில் குடிப்பவர் சம்மதிக்கும் வரை காத்திருக்க வேண்டியிருந்தால், நீங்கள் மட்டுமாவது முதலில் பேசுங்கள்.

தம்பி இப்போது வீட்டில்தான் சாப்பிடுகிறான். ரசம் ஊற்றும் முன் அம்மா இன்றும் ஒரு கரண்டி தன் உள்ளங்கையில் விட்டு, அவன் பார்க்கக் குடித்துவிட்டுத்தான் பரிமாறுகிறார். வேண்டாம் என்று அவனும் பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டான். இப்போதெல்லாம் அவர் குடித்து முடிக்கும் வரை தட்டில் கை வைக்காமல் காத்திருக்கிறான்.