பெட்டி வேறு, சரக்கும் வேறு
இக்னிஷன் காயில், அதாவது ஸ்பார்க் பிளக்கில் பொறி வர உயர் மின்னழுத்தம் கொடுக்கும் பாகம், பற்றி “காயில் எல்லாம் ஒரே ஃபேக்டரியில்தான் வருது, பெட்டிதான் வேற, மலிவானதையே வாங்கிப் போடுங்க” என்று சிலர் சொல்வது பாதிதான் சரி. டொயோட்டாவுக்குக் காயில் செய்து கொடுக்கும் டென்சோ, தன் பெயரிலும் வெளியே விற்கிறது. டொயோட்டாவின் டண்ட்ரா பிக்கப் வண்டியில் உள்ள 5.7 லிட்டர் வி8 எஞ்சினுக்கு (எட்டு சிலிண்டர், ஒவ்வொன்றுக்கும் ஒரு காயில்) அதைத் தாராளமாகப் போடலாம், டொயோட்டா பெட்டிக்கென்று கூடுதல் காசு தேவையில்லை. ஆனால் எட்டும் சேர்த்து அடிமாட்டு விலைக்கு வரும் பேர் தெரியாத செட் அந்த ரகம் இல்லை. உள்ளே கம்பிச்சுற்றின் இன்சுலேஷன் மட்டமாக இருந்தால், எஞ்சின் சூட்டிலும் அதிர்விலும் விரிசல் விட்டு, லோடு ஏற்றி மேடு ஏறும்போதுதான் மிஸ் அடிக்கத் தொடங்கும் (சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாமல் போகும்), வெறும் ஐட்லிங்கில் ஒன்றுமே தெரியாது.

அப்புறம், எட்டையும் ஏன் மாற்ற வேண்டும்? ஸ்கேனரில் பி0303 என்ற கோளாறுக் கோடு (code; 3-ஆம் சிலிண்டர் மிஸ் அடிக்கிறது என்று பொருள்) வந்தால் 3-ஆம் சிலிண்டர் காயிலை 5-க்கு மாற்றிப் பாருங்கள். கோடு பி0305 என்று, அதாவது 5-ஆம் சிலிண்டருக்கு, மாறினால் காயில்தான் கோளாறு. கோடு நகரவில்லையா, முதலில் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள், தேய்ந்து இடைவெளி கூடிய பிளக் புதுக் காயிலையும் சேர்த்துத்தான் தின்னும். செக் எஞ்சின் விளக்கு சிமிட்டினால் மட்டும் ஓட்டாதீர்கள், எரியாத பெட்ரோல் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குள் போய்ச் சூடேற்றிவிடும், அதன் விலை முன்னால் காயிலெல்லாம் சில்லறைக் காசு.