ராக்கீஸ் தோற்பதற்கு மலை காரணமில்லை

2025 சீசனில் டென்வர் நகரத்து பேஸ்பால் அணியான கொலராடோ ராக்கீஸ் 162 ஆட்டம் ஆடி 119இல் தோற்றது. அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளில் 103, 101. எடுத்த ரன் 597, கொடுத்தது 1,021, வித்தியாசம் 424. 1900க்குப் பிந்தைய மேஜர் லீக் பேஸ்பாலில் இவ்வளவு பெரிய பள்ளத்தில் எந்த அணியும் விழுந்ததில்லை. 1932இல் பாஸ்டன் ரெட் சாக்ஸ் வாங்கிய 349தான் அதுவரை மோசமான கணக்கு.

இதைச் சொன்னால் உடனே வரும் பதில்: "டென்வர் மலை மேல இருக்கு, அங்க யார் பந்து போட்டாலும் அடிதான்." பாதி உண்மை. அந்தப் பாதி உண்மைதான் இத்தனை வருஷமும் நிர்வாகத்துக்குக் குடை பிடிக்கிறது.

முதலில் அந்தப் பாதியைப் பார்த்துவிடலாம். டென்வரின் உயரம் 1,609 மீட்டர். நம் ஏற்காட்டைவிடக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய 82 சதவீதம். அடித்த பந்து சுமார் 5 சதவீதம் கூடுதல் தூரம் போகும் என்பது எல்லாருக்கும் தெரிந்த கதை. பந்து போடும் பிட்சர்களைக் கொல்வது அது மட்டுமில்லை. சுழலும் பந்தை வளைப்பது காற்றுதான். காற்று மெலிந்தால் வளைவும் மெலியும். கடல்மட்டத்தில் சுழற்சியின் பலத்தால் 18 அங்குலம் விழாமல் தாங்கி வரும் ஃபாஸ்ட்பால் (வேகப்பந்து), டென்வரில் 15 அங்குலம்கூடத் தாங்காது. மூன்று அங்குலம் என்ன பெரிசு என்று தோன்றலாம். பேட்டின் மிகத் தடித்த இடமே 2.61 அங்குலத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. பேட்டுக்கு மேலே தப்பிப் போகவேண்டிய பந்து, பேட்டின் நடுவில் வந்து உட்காரும். வளைந்து இறங்கவேண்டிய கர்வ்பால் இறங்காமல் தொங்கும்.

1995இல் ராக்கீஸின் மைதானமான கூர்ஸ் ஃபீல்டைக் கட்டும்போது, வேலி தாண்டும் ஹோம் ரன்னைக் குறைக்க வேலியைத் தள்ளி வைத்தார்கள்: இடப்பக்கம் 347 அடி, நடுவில் 415, வலப்பக்கம் 350. ஒரு ஓட்டையை அடைத்தால் இன்னொன்று திறந்தது. வெளிக்களத்தில் மூன்றே பேர் காக்கவேண்டிய பரப்பு பெரிதாகிவிட, சாதாரணமாகத் தூக்கி அடித்த பந்தெல்லாம் ஆளில்லாத இடத்தில் விழுந்தது. 2002இல் வந்த ஈரப்பத அறைதான் உருப்படியான வைத்தியம். வறண்ட காற்றில் பந்து காய்ந்து, இறுகி, வழுக்கும். 50 சதவீத ஈரப்பதத்தில் வைத்து எடுத்தால் கையில் பிடிமானம் வரும், பேட்டில் பட்டுத் தெறிக்கும் வேகமும் குறையும். தன் தோல் பூட்ஸ் காய்ந்து சுருங்கியதைக் கவனித்த மைதான மின்பணியாளர் ஒருவருக்குத் தோன்றிய யோசனை இது. 2022 முதல் 30 அணிகளும் இதைச் செய்கின்றன. ராக்கீஸ் வரலாற்றின் மிகச் சிறந்த கண்டுபிடிப்பு எலக்ட்ரீஷியனிடமிருந்து வந்தது, நிர்வாகத்திடமிருந்து இல்லை. இதை ஓரமாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

மலையின் இன்னொரு தண்டனை பேட்டர்களுக்கு. பத்து நாள் சொந்த மைதானத்தில் வளையாத பந்தைப் பார்த்துப் பழகிய கண், சான் டியேகோவுக்கோ சான் பிரான்சிஸ்கோவுக்கோ போனதும் ஏமாறும். 2023, 2024, 2025 மூன்று ஆண்டிலும் 81 வெளியூர் ஆட்டங்களில் இந்த அணி 25 வெற்றியைத் தொட்டதில்லை.

சரி, மலை 1993இலும் அங்கேதான் இருந்தது. அதே மலையில் 2007இல் 22 ஆட்டத்தில் 21 ஜெயித்து, இறுதிப் போட்டியான உலகத் தொடருக்குப் போனார்கள். 2010இல் பிட்சர் உபால்டோ ஹிமெனெஸ் ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக 2.88 ரன்தான் கொடுத்து 19 வெற்றி எடுத்தார். 2018இல் டென்வரிலேயே பிறந்து வளர்ந்த கைல் ஃப்ரீலாண்ட் சொந்த மைதானத்தில் ஒன்பது இன்னிங்ஸுக்கு 2.40 ரன்தான் கொடுத்தார். 2025இல் தொடக்கப் பிட்சர்களின் கூட்டுச் சராசரி 6.65. இந்த ஏழு ஆண்டில் மலை வளரவில்லை.

வளராதது வீடு. அணியின் உரிமையாளரான மான்ஃபோர்ட் குடும்பம் நடத்தும் வீடு அது, உள்ளே இருப்பவர்களுக்கே பதவி உயர்வு. 1999இல் டான் ஓ'டவுட் வெளியிலிருந்து, வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் ஜெனரல் மேனேஜராக வந்தார். அவருக்குப் பின் 2014இல் ஜெஃப் பிரிடிச், 2021இல் பில் ஷ்மிட், இருவரும் உள்ளே இருந்தவர்கள். 2025 மே மாதம் 21-0 என்று ஒரு ஆட்டம் தோற்ற மறுநாள் மேலாளர் பட் பிளாக்கை நீக்கினார்கள். அப்போது கணக்கு 7 வெற்றி, 33 தோல்வி. அந்த இடத்துக்கு வந்த வாரன் ஷேஃபரும் உள்வீட்டு ஆள். விசுவாசம் நல்ல குணம்தான். ஆனால் மற்ற 29 வீட்டில் என்ன சமைக்கிறார்கள் என்று தெரிந்த ஒருவர் சமையலறையில் வேண்டாமா?

இதன் விலை வீரர்களை விற்கும் நேரத்தில் தெரியும். தேறாத அணி, ஒப்பந்தம் முடியப்போகும் நல்ல வீரரை ஜூலைக் கெடுவுக்குள் விற்று இளம் வீரர்களை வாங்க வேண்டும். இது பாலபாடம். 2021 ஜூலையில் ராக்கீஸிடம் டிரெவர் ஸ்டோரியும் ஜான் கிரேயும் இருந்தார்கள். இருவரையும் விற்கவில்லை. ஸ்டோரி பாஸ்டனுக்குப் போனார், ஈடாக, புது இளைஞர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் ஒரு இடம் கிடைத்தது. கிரேக்கு அந்த ஈட்டைப் பெற்றுத்தரும் ஓராண்டு ஒப்பந்த அழைப்பைக்கூட நீட்டவில்லை. அவர் டெக்சாஸ் போய் 2023இல் உலகத் தொடர் ஜெயித்தார். ராக்கீஸுக்குக் கிடைத்தது பூஜ்யம்.

நோலன் அரினாடோ கதை இன்னும் கசப்பு. 2019 பிப்ரவரியில் 8 ஆண்டுக்கு 26 கோடி டாலர் ஒப்பந்தம். இரண்டே ஆண்டில் உறவு முறிந்து செயின்ட் லூயிஸுக்கு அனுப்பினார்கள், கூடவே ஏறத்தாழ 5 கோடி டாலரும் கொடுத்து! பதிலுக்கு வந்தவர்களில் முக்கியமானவர் ஆஸ்டின் காம்பர். அவரையும் 2025இல் விடுவித்தாகிவிட்டது.

அப்படியானால் கஞ்சத்தனமா? அதுவும் இல்லை, செலவழித்த இடம்தான் தப்பு. இயன் டெஸ்மண்டுக்கு 5 ஆண்டுக்கு 7 கோடி டாலர் கொடுத்து, அவர் பழகியே இராத முதல் பேஸ் காவலில் நிறுத்தத் திட்டமிட்டார்கள். அதற்காக 11ஆம் டிராஃப்ட் இடத்தையும் இழந்தார்கள். 2017 டிசம்பரில் வேட் டேவிஸ், பிரையன் ஷா, ஜேக் மெகீ என்று ஆட்டத்தின் நடுவில் வந்து பந்து போடும் மூன்று ரிலீஃப் பிட்சர்களுக்கு மொத்தம் 10.6 கோடி. ஆண்டுக்கு ஆண்டு ஏறி இறங்கும் சரக்கு ரிலீஃப் பிட்சர். அவர்களை மூன்றாண்டுக்குக் கட்டிப்போட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2019இல் டேவிஸின் 8.65 சராசரியே சாட்சி. 2018 முடிவில் டிஜே லெமெஹியூவை விட்டுவிட்டு டேனியல் மர்ஃபியை எடுத்தார்கள். இருவரின் ஒப்பந்தமும் ஒரே அளவு, 2 ஆண்டுக்கு 2.4 கோடி. லெமெஹியூ நியூயார்க்கில் .327 பேட்டிங் சராசரி வைத்தார், மறுவருஷம் .364 அடித்து லீக்கில் முதலிடம். கடைசியாகக் கிரிஸ் பிரையன்ட்: 7 ஆண்டு, 18.2 கோடி, அவர் சம்மதமில்லாமல் வேறு அணிக்கு அனுப்பவும் முடியாது. முதுகுத்தண்டுத் தேய்மானமும் மற்றக் காயங்களும் சேர்ந்து, முதல் நான்கு ஆண்டில் ஆடியது 170 ஆட்டம். காயத்துக்கு அவர் என்ன செய்வார்? முப்பது வயதில் நிற்கும் வீரருக்கு ஏழு ஆண்டு கொடுத்தவரைத்தான் கேட்க வேண்டும்.

இத்தனைக்கும் டிக்கெட் விற்கிறது. 119 தோல்வி கண்ட ஆண்டிலும் சுமார் 24 லட்சம் பேர் வந்தார்கள். வலப்பக்க மேல்தட்டில் நாற்காலிகளைப் பெயர்த்துவிட்டு 2014இல் மொட்டைமாடி பார் கட்டினார்கள். எதிரே மெக்ரெகர் ஸ்குவேர் என்ற ஹோட்டல், கடை வளாகமும் உண்டு. கோடை மாலை, பீர், பின்னணியில் ராக்கி மலை. ஆட்டம் தோற்றாலும் கல்லா நிரம்பும் இடத்தில் முதலாளிக்கு எதற்கு அவசரம்? தொலைக்காட்சி வருமானம் அடிபட்டது உண்மைதான். அவர்களின் ஒளிபரப்புச் சேனல் 2023இல் மூடப்பட்டது. ஆனால் சிறிய நகரமான மில்வாக்கி அதே 2025இல் 97 வெற்றியோடு லீக்கிலேயே முதலிடம். பணத்தைக் காரணம் காட்ட வேண்டாம்.

எனக்குப் பெரிய ஆதங்கம் ஆய்வு விஷயத்தில். மற்ற எந்த அணிக்கும் இல்லாத சிக்கல் ராக்கீஸுக்கு இருக்கிறது என்றால், மற்றவர்களைவிடப் பெரிய ஆய்வுக் குழு அவர்களிடம் இருக்க வேண்டும். இருந்ததோ லீக்கின் மிகச் சிறிய குழுக்களில் ஒன்று. மெல்லிய காற்றில் எது தாக்குப்பிடிக்கும்? துப்பாக்கித் தோட்டாபோல் போகும் திசையிலேயே சுழலும் ஸ்லைடர் பந்து. அது வளைவுக்குக் காற்றை நம்புவதில்லை. அசுர வேகமும் உதவும், ஏனென்றால் காற்றுத்தடை குறைவதால் ஃபாஸ்ட்பால் வழியில் இழக்கும் வேகமும் குறைவு. கீழிறங்கி, தரையோடு அடிக்க வைக்கும் சிங்கர் பந்தும் சரி. பேட்டர்களுக்கு, வெளியூர் கிளம்பும் முன் பயிற்சி மெஷினைக் கடல்மட்ட வளைவுக்கு அமைக்க வேண்டும். காற்றின் தாங்குவிசை அங்கே 22 சதவீதம் கூடுதல் என்று கணக்கு வைத்து. இளம் வீரர்கள் தயாராகும் மைனர் லீக்கிலும் இதே ஒழுங்கு வேண்டும். இரண்டாம் படி ஹார்ட்ஃபர்ட் கடல்மட்டத்தில், மேல்படி ஆல்புகர்க்கி ஏறக்குறைய டென்வர் உயரத்தில். அந்த ஒரு படி ஏறும்போது பிட்சரின் பந்து மாறுவதை அளந்து, அங்கேயே திருத்த வேண்டும். இளம் பிட்சர் சேஸ் டோலண்டரைப் பாருங்கள்: 2025இல் வெளியூரில் நான்குக்குள் சராசரி, கூர்ஸ் ஃபீல்டில் ஒன்பதுக்கு மேல்.

முயற்சியே செய்யவில்லை என்றும் சொல்ல முடியாது. 2012 ஜூனில் நான்கு தொடக்கப் பிட்சர்கள், ஆளுக்கு 75 பந்து என்று ஒரு திட்டம் போட்டார்கள். சீசனுக்கு முந்தைய வசந்தகாலப் பயிற்சி முகாமில் யாரையும் தயார்செய்யாமல் சீசன் நடுவில் ஆரம்பித்து, சில மாதத்தில் கைவிட்டார்கள். அந்த ஆண்டு 98 தோல்வி.

தோற்றால் டிராஃப்டில் முதல் ஆள் கிடைப்பார் என்ற ஆறுதலும் இப்போது இல்லை. 2024இல் மூன்றாவதாக சார்லி காண்டன், 2025இல் நான்காவதாக ஈதன் ஹாலிடே என்று இரண்டு முறை, குலுக்கலில் தரும் முன்வரிசை இடம் வாங்கியாயிற்று. தொடர்ந்து மூன்றாம் முறை விதி அனுமதிக்காது. 119 தோல்விக்குப் பரிசு, 2026இல் பத்தாவது இடம்.

2025 நவம்பரில் பேஸ்பால் பிரிவுத் தலைவராகப் பால் டீபொடெஸ்டாவை அழைத்து வந்தார்கள். கடைசிப் பத்து ஆண்டு அமெரிக்கக் கால்பந்தில் இருந்தவர், ஆனாலும் வெளியாள். அவரோடு ஜெனரல் மேனேஜராக ஜோஷ் பைர்ன்ஸ். ஷேஃபரை மேலாளராகத் தொடரவிட்டார்கள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நான் பார்க்கப்போவது ஜூலை கடைசி வாரத்தை: விலை ஏறி நிற்கும் ஒரு வீரரைப் பற்றி வேறு அணியிடமிருந்து போன் வரும்போது, முடிவெடுப்பது டீபொடெஸ்டாவா, மான்ஃபோர்ட்டா?